செவ்வாய் வெள்ளி ஈயம்

என் வேலையில் பாதி, ஒன்றுமே இல்லை என்று நிரூபிப்பது. வெஸ்ட் வின்ட்சரில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து இருபது நிமிட டிரைவில் ஒரு சின்னத் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடம். பதினோரு வருடமாக அங்கே இருக்கிறேன். கிணறு உள்ள வீட்டை யாராவது விற்கப்போனால் அந்தக் கிணற்றுத் தண்ணீர் எங்களிடம் வரும். பள்ளிக்கூடக் குழாய்த் தண்ணீர் வரும். தன் வீட்டுக் குழாய் மீது திடீர்ச் சந்தேகம் வந்தவர்கள் ஊறுகாய் பாட்டிலில் பிடித்துக்கொண்டு வந்து நிற்பார்கள். பாட்டிலைத் திருப்பிக் கொடுத்து, எங்கள் பாட்டிலைக் கொடுத்து அனுப்புவோம்.

எங்கள் இயந்திரத்துக்குள் சூரியனின் மேற்பரப்பைவிடச் சூடான ஒரு சுடர் எரியும். அதில் தண்ணீரைப் பனிபோலத் தூவினால், கரைந்திருக்கும் உலோகங்கள் அணு அணுவாகப் பிரிந்து ஓடும். ஒவ்வொன்றின் எடையையும் பார்த்து, இது ஈயம், இது ஆர்சனிக், இது காட்மியம் என்று அது எண்ணிச் சொல்லும். நூறு கோடியில் ஒரு பங்கு இருந்தாலும் விடாது. நூறு கோடிப் பேர் நிற்கிற கூட்டத்தில் ஒரே ஒருத்தர் செருப்பை இடம் வலம் மாற்றிப் போட்டிருக்கிறார் என்று கண்டுபிடிப்பது போல.

இவ்வளவு மோப்பம் பிடிக்கிற இயந்திரத்துக்கு, நம் கை அழுக்குக்கும் கிணற்று அழுக்குக்கும் வித்தியாசம் தெரியாது. அதனால் தினமும் மாதிரிகளோடு ஒரு ‘பிளாங்க்’ வைப்போம். மிகச் சுத்தமான தண்ணீரில் கொஞ்சம் நைட்ரிக் அமிலம், அவ்வளவுதான். அதில் இயந்திரம் ஒன்றுமே காட்டக் கூடாது. காட்டினால் அழுக்கு எங்களுடையது. அன்றைய மாதிரிகள் அத்தனையையும் மறுபடி செய்ய வேண்டும். என் பிளாங்க் என்றைக்கும் சுத்தமாக இருக்கும். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

போன ஆண்டு செப்டம்பரில் என் பிளாங்க்கில் ஈயம் வந்தது.

முதல் நாள் அமிலத்தைச் சந்தேகப்பட்டுப் புது பாட்டில் திறந்தேன். இரண்டு நாள் சுத்தம். பிறகு மறுபடி ஈயம். கையுறையை மாற்றினேன், சோதனைக் குழாய்களை மாற்றினேன், மேலே ஏசி காற்று வருகிற ஜன்னலை ஏணி போட்டு ஏறித் துடைத்தேன். சில நாள் இருக்கும், சில நாள் இருக்காது. பொருள்களில் குற்றவாளி கிடைக்காதபோது மனிதர்களைச் சந்தேகப்படுவதுதானே வழக்கம்? நான் சந்தேகப்பட்டது எங்கள் தரக் கட்டுப்பாட்டு அதிகாரியை.

அவர் யாழ்ப்பாணத்துக்காரர், அறுபதைத் தொடுகிறவர். நான் அவரை அண்ணா என்று கூப்பிடுவேன், அவர் என்னைப் பிள்ளை என்பார். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போவார். எந்தக் குளிரிலும் கழுத்தில் டை இருக்கும். தலையில் ஒரு வெள்ளை முடி இருக்காது. அந்தக் கறுப்புதான் என் சந்தேகம். ஒரு காலத்தில் சில தலைச் சாயங்களில் ஈய உப்பு சேர்த்திருந்தார்கள் என்பது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். தினமும் என் மேஜைப் பக்கம் வந்து, குனிந்து, “என்ன மாதிரிப் போகுது?” என்று விசாரிக்கிறவர் அவர்தான். குனியும்போது உதிராதா?

ஒரு மதியம், “அண்ணா, கோட்டுல நூல் ஒட்டியிருக்கு” என்று சொல்லி அவர் தோளிலிருந்து இரண்டு முடியை எடுத்தேன். அமிலத்தில் கரைத்தேன். பட்டியலில் மாதிரியின் பெயரை வெறுமனே ‘ஏ.எம்.’ என்று போட்டேன். அண்ணன் முடி.

முடிவு வந்தது. ஈயம் இல்லை. மறுநாள் அவர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வந்தார்.

“பிள்ளை, இதென்ன ஏ.எம்.? காலமை எடுத்த சாம்பிளோ?”

“ஆமாண்ணா. இல்ல, மத்தியானம் எடுத்தது.”

“மத்தியானம் எண்டால் பி.எம். எல்லோ?” என்று கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். “என்ர தலைமயிரில ஈயம் இல்லை எண்டு வந்திட்டுது. சந்தோசம். கேட்டிருந்தா ஒரு கொத்து வெட்டித் தந்திருப்பன்.”

எனக்கு மேஜைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்ளலாம் போலிருந்தது. அவர் கோபப்படவில்லை. எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு மாதத்துக் கணினித் தாள்களை விரித்தார். ஈயம் வந்த நாள்களுக்கெல்லாம் சிவப்பு வட்டம் போட்டு, பக்கத்தில் கிழமையும் எழுதியிருந்தார்.

“நீர் மனுசரைப் பாத்தனீர். நான் கலண்டரைப் பாத்தனான். எல்லாம் செவ்வாயும் வெள்ளியும். அதுவும் நீர் செய்த பிளாங்க் மட்டும். செவ்வாய் வெள்ளிக்கு நீர் என்ன விசேசமாச் செய்யிறனீர்?”

“ஒண்ணுமில்லையே அண்ணா. எப்பவும்போலதான். காலைல எழுந்து, தலைக்குக் குளிச்சு, விளக்கேத்தி, குங்குமம்...”

அங்கே நின்றுவிட்டேன். மற்ற நாள்களில் நான் வைப்பது ஸ்டிக்கர் பொட்டு. செவ்வாயும் வெள்ளியும் மட்டும் நெற்றியிலும் வகிட்டிலும் குங்குமம். அன்றும் வெள்ளிக்கிழமை. பாதுகாப்புக் கண்ணாடி மூக்கில் வழுக்கும்போதெல்லாம் கையுறை விரலால் அதை மேலே தள்ளுகிற பழக்கம் எனக்கு. தள்ளுகிற இடம் நெற்றி. அந்த விரல் அடுத்துப் போகிற இடம் சோதனைக் குழாயின் மூடி.

அவர் ஈரத் தாள் ஒன்றை எடுத்தார். “நெத்தியைக் காட்டும். சாம்பல் புதனுக்குப் பாதர் பூசிவிடுவார். நான் அழிச்சுவிடுறன்.”

அந்தத் தாளைக் கரைத்து, ஆயிரம் மடங்கு நீர்த்து இயந்திரத்தில் விட்டோம். திரையில் ஈயத்தின் கோடு மேலே போனது, போனது, திரையைவிட்டே போய்விட்டது. இயந்திரம் எச்சரிக்கை அடித்து நின்றது. அதன் குழாய்களைக் கழுவியே அன்று பிற்பகல் முடிந்தது.

“பிள்ளை, இது குங்குமமோ, துவக்குச் சன்னமோ?” என்றார் அண்ணன். துப்பாக்கிக் குண்டுக்கு அவர் ஊரில் அந்தப் பெயர்.

இப்போது ஆன்ட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டுக்கு நாலு தெரு தள்ளி மகனோடு இருக்கிறார். சென்னையில் வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். இங்கே வந்த பிறகு மேய்க்கக் கிளை அலுவலகம் இல்லாததால் எங்களை மேய்க்கிறார். எழுபது குடும்பங்கள் உள்ள வாட்ஸ்ஆப் குரூப் அவர் கையில். ஆகஸ்ட் கடைசியில் வரலட்சுமி விரதத்துக்கு வந்த பெண்களுக்கெல்லாம் ஆளுக்கு ஒரு சின்ன டப்பா குங்குமம் கொடுத்தார். ஊரில் ஒரு கோயில் வாசல் கடையில் இரண்டு கிலோ வாங்கி வந்திருந்தாராம். அப்படி ஒரு சிவப்பு. காலையில் வைத்தால் சாயங்காலம் வரை மங்காது. நான் அன்றிலிருந்து அதைத்தான் வைத்துக்கொண்டிருந்தேன்.

அதே ஆன்ட்டிதான் அந்த வாரம் எனக்கு ஃபோன் பண்ணினார்.

“ஏம்மா, நீ தண்ணி டெஸ்ட் பண்றவதானே? குழாய்த் தண்ணில லெட், அதான் ஈயம், இருக்குன்னு குரூப்ல ஒரு மெசேஜ் வந்தது, பாத்தியா?”

“அதை அனுப்பினதே நீங்கதானே ஆன்ட்டி?”

“யார் அனுப்பினா என்ன? என் வீட்டுத் தண்ணியை எடுத்துட்டுப் போய்ப் பாரு. நவராத்திரிக்குள்ள சொல்லிடு. கொலுவுக்கு வர்றவங்களுக்கு என்ன தண்ணி குடுக்கறதுன்னு தெரியணும்ல.”

தண்ணீரை வாங்கி வந்தேன். குங்குமத்தைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. என் டப்பாவில் மட்டும்தான் கோளாறா, எல்லோர் டப்பாவிலுமா என்று தெரியாமல் எப்படிச் சொல்வது? அதைவிட உண்மையான காரணம், எனக்குப் பயம்.

வீட்டில் கணவரிடம் சொன்னேன். “பேசாம இரு. அவங்ககிட்ட போய் உங்க குங்குமம் விஷம்னு சொன்னா, இந்த ஜென்மத்துல நம்மளை ஒரு கொலுவுக்கும் கூப்பிட மாட்டாங்க” என்றார்.

“உங்களுக்குச் சுண்டல் கவலை.”

“ஆமா. ஒன்பது நாள் சுண்டல். சும்மாவா?”

ஆனால் அவர் பேச்சிலேயே எனக்கு வழி கிடைத்தது. கொலுவுக்குப் போனால் தாம்பூலத்தோடு ஒவ்வொரு வீட்டிலும் குங்குமம் தருவார்கள். யார் வீட்டில் எது இருக்கிறது என்று கேட்கவே வேண்டாம், கையில் கொடுத்தே அனுப்புவார்கள்! அண்ணனிடம் சொன்னேன். “சாம்பிள் எடுக்கிறதுக்குப் பட்டுச்சீலை கட்டிக்கொண்டு போறது உலகத்திலேயே நீராத்தான் இருக்கும்” என்று, எண் ஒட்டிய இருபது பிளாஸ்டிக் குழாய்களைத் தந்தார்.

அந்த நவராத்திரிக்கு ஒரு வீட்டை நான் விடவில்லை. பட்டுப்புடவை, கைப்பையில் குழாய்கள், காரில் கையுறை. ஆனால் குங்குமம் சும்மா கிடைக்காது, பாட வேண்டும். எனக்குத் தெரிந்ததோ ஒரே பாட்டு, அதிலும் நாலு வரி. ஒன்பது வீட்டில் அந்த நாலு வரியைப் பாடினேன். நான்காவது வீட்டில் அந்த வீட்டுப் பெண்ணின் ஆறு வயது மகள், “அம்மா, ஷி சாங் திஸ் எஸ்டர்டே டூ” என்று காட்டிக்கொடுத்தாள்.

ஆறாவது வீட்டு வாசலில், காரின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு குங்குமத்தைக் குழாயில் கொட்டும்போது, அந்த வீட்டுப் பெண் நான் மறந்துவிட்ட தேங்காயை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்துவிட்டாள். கையுறையோடு நின்ற என்னைப் பார்த்தாள்.

“என்னங்க இது?”

“ஒரு வேண்டுதல்” என்றேன். “ஒன்பது வீட்டுக் குங்குமம். கை படாம சேக்கணும்.”

அவள் கண் கலங்கிவிட்டது. மறுநாள் காலை குரூப்பில் என் பக்தி பற்றி ஒரு நீண்ட செய்தி வந்தது. கீழே நாற்பது பேர் கை கூப்பியிருந்தார்கள். அதற்குப் பிறகு போன வீடுகளில் எனக்கு இரண்டு மடங்கு குங்குமம் கிடைத்தது.

ஒன்பது குழாய்களையும் ஒரு மதிய இடைவேளையில் அண்ணனும் நானும் ஓட்டினோம். இந்த முறை ஜாக்கிரதையாக, லட்சம் மடங்கு நீர்த்து. நான்கு வீட்டுக் குங்குமம் சுத்தம்; மஞ்சளில் செய்தது. ஐந்து வீட்டில் ஈயம், எல்லாம் ஒரே அளவில். அந்த ஐந்து பேரையும் எனக்கு வரலட்சுமி விரதத்தன்று ஆன்ட்டி வீட்டில் பார்த்த ஞாபகம் இருந்தது. கண்ணைப் பறிக்கிற நிறத்துக்காக யாரோ ஈயம் கலந்த சிவப்புச் சாயத்தைச் சேர்த்திருக்கிறார்கள். ஆன்ட்டி வீட்டுத் தண்ணீரையும் பார்த்தோம். அது என் பிளாங்க்கைவிடச் சுத்தமாக இருந்தது.

“இனிச் சொல்லத்தான் வேணும்” என்றார் அண்ணன். சிரிப்பில்லாமல் சொன்னார்.

கடைசி நாள் ஆன்ட்டி வீட்டுக் கொலு. ஏழு படி, நாற்பது பெண்கள். என்னைப் பார்த்ததும், “இதோ நம்ம சயின்டிஸ்ட் வந்தாச்சு. சொல்லும்மா எல்லாருக்கும். என் வீட்டுத் தண்ணில எவ்வளவு ஈயம்?” என்று கூடத்தின் நடுவிலிருந்து கேட்டார்.

“ஈயமே இல்ல ஆன்ட்டி.”

ஆன்ட்டியின் முகம் விழுந்துவிட்டது. “நல்லாப் பாத்தியா?” என்றார். இவ்வளவு மெசேஜ் அனுப்பியதற்குக் கொஞ்சமாவது இருந்திருக்கக் கூடாதா என்ற ஏமாற்றம். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. “ஆன்ட்டி, கிச்சன்ல ஒரு நிமிஷம்” என்று கூட்டிக்கொண்டு போனேன்.

அடுப்புக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு சொன்னேன். நடு நெற்றியில் பெரிதாகக் குங்குமத்தோடு அவர் கேட்டார்.

“ஈயமா? ஈயச் சொம்புலதானே நாற்பது வருஷமா ரசம் வெக்கறேன்?”

“அது வெள்ளீயம் ஆன்ட்டி, ஒழுங்கான சொம்பா இருந்தா ஒண்ணும் பண்ணாது. இது காரீயம்.”

“கோயில் வாசல்ல வாங்கினதும்மா. அம்பாள் பிரசாதம்.”

“அம்பாள் மேல தப்பே இல்ல. கலர் சேத்தவன் மேலதான் தப்பு.”

அவர் சண்டை போடுவார், என்னை வெளியே அனுப்புவார் என்றெல்லாம் எதிர்பார்த்திருந்தேன். அவர் அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். கூடத்தில் யாரோ பாடிக்கொண்டிருந்தார்கள்.

“போன மாசம் எதிர் வீட்டுக் குழந்தைக்குப் பேர் வெச்சாங்களே, அதுக்கு என் கையால இதைத்தான் வெச்சேன்” என்றார். “இன்னும் எத்தனை குழந்தைக்கு வெச்சேனோ.”

இத்தனை நாளும் இதை ஒரு பெரிய வேடிக்கையாக நடத்திக்கொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஐந்து வீட்டு முடிவு தெரிந்தும், நல்ல நாள் போகட்டும் என்று இரண்டு நாள் தள்ளிப்போட்டிருந்தேன். தோல் வழியாக அவ்வளவாக உள்ளே போகாது, கையில் ஒட்டி வாய்க்குப் போனால்தான் ஆபத்து, குழந்தைகளுக்கு ஒரு ரத்தப் பரிசோதனை செய்தால் தெரிந்துவிடும் என்று விளக்கினேன். அவர் பாதிதான் கேட்டார். எழுந்து, சிங்க்கில் முகத்தைச் சோப்புப் போட்டுக் கழுவினார். ஈர முகத்தோடு நேரே கூடத்துக்குப் போனார்.

“எல்லாரும் கேளுங்க. நான் குடுத்த குங்குமத்துல ஈயம் இருக்கு. லேப்ல டெஸ்ட் பண்ணியாச்சு. ஒருத்தரும் வெச்சுக்கக் கூடாது. நாளைக்குக் காலைல நானே வந்து வாங்கிக்கறேன்.”

சொன்னபடி வந்தார். மறுநாள் மகனைக் காரோட்டச் சொல்லி, கையில் பட்டியலோடு வீடு வீடாகப் போனார். பழைய நிலுவையை வசூலிக்கப் போன வங்கி மேலாளர் போலவே இருந்தார் என்று கேள்வி. ஒரு வீட்டில், பாதி தீர்ந்துபோச்சு என்றதற்கு, தீர்ந்த பாதி எங்கே எங்கே பட்டது என்று கேட்டுப் பூஜை அலமாரியைத் தானே ஈரத் துணியால் துடைத்துவிட்டு வந்தாராம். எதிர் வீட்டுக் குழந்தையை டாக்டரிடம் அழைத்துப்போனதும் அவர்தான். குழந்தைக்கு ஒன்றுமில்லை. ஆன்ட்டிக்கும் எனக்கும் ரத்தத்தில் ஈயம் கொஞ்சம் தூக்கலாக இருந்தது. சில மாதங்களில் தானாக இறங்கிவிட்டது. குரூப்பில் போன செய்தியில், “நான் சந்தேகப்பட்டு டெஸ்ட் பண்ணச் சொன்னதில்” என்று எழுதியிருந்தார். நான் திருத்தவில்லை. டெஸ்ட் பண்ணச் சொன்னார் என்பது உண்மைதானே.

சேர்ந்த குங்குமம் ஒரு எவர்சில்வர் சம்படம் நிறைய இருந்தது. ஒரு சாயங்காலம் ஆன்ட்டி ஃபோன் பண்ணினார்.

“குப்பைல போட முடியாதும்மா, பாவம். ஓடுற தண்ணில விட்டுடலாம்னு இருக்கேன். கனால் கிட்டதானே இருக்கு?”

நான் சாப்பாட்டுத் தட்டை அப்படியே விட்டு எழுந்துவிட்டேன். “ஆன்ட்டி! அது குடிதண்ணிக்குப் போற கனால்! நகராதீங்க. அங்கேயே நில்லுங்க. சம்படத்தைக் கீழ வைங்க.”

“என்ன, போலீஸ் மாதிரி பேசற?”

எங்கள் கவுண்டியில், அதாவது மாவட்டத்தில், சில சனிக்கிழமைகளில் வீட்டு நச்சுக் கழிவுகளை வாங்கிக்கொள்வார்கள். பழைய பெயின்ட், பேட்டரி, பூச்சிமருந்து எல்லாம். அடுத்து வந்த சனிக்கிழமை நானும் ஆன்ட்டியும் போனோம். கார்கள் வரிசையாக நின்றன. முன்னால் ஒரு டிரக் நிறையப் பெயின்ட் டின். ஆன்ட்டி பட்டுப்புடவையில், மடியில் சம்படத்தோடு உட்கார்ந்திருந்தார். அதைச் சிவப்பு ரவிக்கைத் துணியில் கட்டி, மேலே ஒரு சாமந்திப்பூவும் செருகியிருந்தார். செருப்பைக் கழற்றிக் காலடியில் வைத்திருந்தார்.

எங்கள் முறை வந்ததும், தடித்த கையுறை போட்ட ஒரு பணியாள் ஜன்னலில் குனிந்து, என்ன பொருள் என்று கேட்டார். நான் “ஈயம் கலந்த சாயப்பொடி” என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் பூவைப் பார்த்தார், ஆன்ட்டியைப் பார்த்தார். பூவையும் எடுத்துக்கொள்ள வேண்டுமா என்று கேட்டார். ஆன்ட்டி ஒரு நிமிடம் யோசித்து, “எஸ், ப்ளீஸ். போத்” என்றார். அவர் மூட்டையைக் கொண்டுபோய்ப் பீப்பாய்க்குள் இறக்குகிற வரை ஆன்ட்டியின் உதடு அசைந்துகொண்டிருந்தது. பின்னாலிருந்தவர் ஹாரன் அடித்ததும் காரை நகர்த்தினேன்.

என் பிளாங்க் மறுபடி சுத்தமாகிவிட்டது. பரிசோதனைக் கூடத்தின் கதவில் அண்ணன் ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறார்: உள்ளே வருகிறவர்கள் முகத்தில் பொடி எதுவும் பூசியிருக்கக் கூடாது, பிறர் தலைமுடியை அனுமதியில்லாமல் எடுக்கக் கூடாது. இரண்டாவது விதி யாருக்காக என்று புதிதாகச் சேர்கிறவர்கள் கேட்பார்கள். அவர் என் பக்கம் பார்க்காமலே, “பொதுவான விதி” என்பார்.

ஆன்ட்டிக்குத்தான் இப்போது எதன் மேலும் நம்பிக்கையில்லை. மஞ்சள் தூள் கொண்டுவந்தார், கண்மை கொண்டுவந்தார், பேரனின் கிண்ணத்தைக் கொண்டுவந்தார். எங்கள் இடத்தில் தண்ணீர்தான் பார்ப்போம் என்று எத்தனை முறை சொன்னாலும், “கரைச்சா எல்லாம் தண்ணிதானே” என்கிறார். போன வாரம் ஒரு தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையோடு எங்கள் வீட்டுக்கே வந்து நின்றார். பெயின்ட்டைச் சுரண்டாமல் பார்க்க முடியாது, பொம்மை அசிங்கமாகிவிடும் என்று தட்டிக்கழிக்கப் பார்த்தேன்.

ஆன்ட்டி பொம்மையைத் திருப்பி, சாப்பாட்டு மேஜைமேல் கவிழ்த்து வைத்தார்.

“முதுகுல சுரண்டு. கொலுவுல யாரு பின்னாடி போய்ப் பாக்கறா?”